கனவுக்குக் கட்டம் இல்லை

சென்னை
14-3-1988

அன்புடையீர்,

பொருள்: கை அரிப்புக்கான புதிய மாத்திரை. நோயாளிப் படிவங்களில் காணும் குறைகள்.

ஆம்பூரில் தங்கள் மருந்தகத்திலிருந்து அனுப்பிய நாற்பது படிவங்களும் வந்து சேர்ந்தன. நான் இந்த மருந்துக் கம்பெனியின் ஆவணப் பிரிவில் படிவங்களைச் சரிபார்ப்பவன். மாத்திரை கடைக்கு வர டெல்லியின் அனுமதி தேவை. இந்த வருடம் கெடுபிடி அதிகம். ஒவ்வொரு படிவத்துக்கும் பதினோரு பிரதிகள் வேண்டும். அடித்தல் திருத்தல் இருந்தால் பக்கத்தில் சுருக்கொப்பம் வேண்டும்.

'பிற விளைவுகள்' என்ற கட்டத்தில் காய்ச்சல், வாந்தி, தலைசுற்றல் போன்றவற்றையே எழுத வேண்டும். தாங்களோ ஏழாம் எண் நோயாளிக்கு எதிரே 'பாலாற்றுத் தண்ணீர் மேல் நடந்தார், கால் நனையவில்லை' என்று எழுதியிருக்கிறீர்கள். பதினொன்றாம் எண்ணுக்கு எதிரே 'காயப்போட்ட தோல்கள் ஆடுகளாக எழுந்து ஏலகிரிப் பக்கம் போயின; ஓர் ஆடு திரும்பிப் பார்த்து அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது' என்று இருக்கிறது. இவை நடந்தவையா? நடந்தவை என்றால் எந்தத் தேதியில்? நடக்காதவை என்றால் ஏன் எழுதப்பட்டன?

இரண்டு வாரத்துக்குள் விளக்கம் தேவை.

இப்படிக்கு,
கோதண்டபாணி


ஆம்பூர்
21-3-1988

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,

சைரா எழுதுவது. டாக்டர் பரந்தாமன் மாத்திரை கொடுப்பார், நான் வாரம் ஒருமுறை நோயாளிகளைக் கேட்டுப் படிவத்தில் எழுதுவேன். ஆகவே குறை என்னுடையதுதான்.

நாற்பது பேரும் தோல் பதனிடும் டேனரிகளிலும் செருப்புக் கம்பெனிகளிலும் வேலை செய்கிறவர்கள். சுண்ணாம்பும் குரோமும் பசையும் பட்டுப்பட்டுக் கை வெடித்து, அரிப்பு தாங்காமல் வருஷக்கணக்காகச் சரியாகத் தூங்காதவர்கள். உங்கள் மாத்திரையைக் காலையும் மாலையும் ஒவ்வொன்று சாப்பிடுகிறார்கள். அரிப்பு அடங்கிவிட்டது. தூங்குகிறார்கள். தூங்கினால் கனவு வருகிறது. நாற்பது பேருக்கும் வருகிறது ஐயா.

ஏழாம் எண் அப்துல் ஹமீத், சுண்ணாம்புத் தொட்டியில் வேலை. பதினொன்றாம் எண் கண்ணம்மாள், தோல் காயவைப்பவர். அவர்கள் கண்டதைத்தான் எழுதினேன். உங்கள் படிவத்தின் நான்காம் பக்கத்தில், 'நோயாளி சொல்வதை அவருடைய சொற்களிலேயே எழுதவும்' என்று அச்சடித்திருக்கிறது. அவர்கள் சொன்னது இதுதான். என் பதிவேட்டில் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் பெருவிரல் ரேகையும் வாங்கி வைத்திருக்கிறேன்.

காய்ச்சலுக்குக் கட்டம் இருக்கிறது, வாந்திக்கு இருக்கிறது. கனவுக்கு இல்லை. எங்கே எழுதட்டும்?

தங்கள் உண்மையுள்ள,
சைரா


சென்னை
4-4-1988

சகோதரி சைரா அவர்களுக்கு,

நான்காம் பக்கத்தை எடுத்துப் பார்த்தேன். நீங்கள் சொல்வது சரி. பதினாறு வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன், அந்த வரியை நான் படித்ததில்லை.

ஒரு வழி சொல்கிறேன். கட்டத்தில் 'தூக்கத்தில் மாற்றம்' என்று மட்டும் எழுதுங்கள். மற்றதைத் தனித்தாளில் எழுதி, 'இணைப்பு' என்று தலைப்பிட்டு அனுப்புங்கள். நான் படிவத்தோடு சேர்த்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
கோதண்டபாணி

பின்குறிப்பு: எனக்குச் சொந்த ஊர் குடியாத்தம். வீட்டில் தறி. ஏலகிரியை ரயிலிலிருந்து எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். கண்ணம்மாளை அந்த ஆடு என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டது? இது படிவத்துக்காக அல்ல.


ஆம்பூர்
20-6-1988

கோதண்டபாணி ஐயா அவர்களுக்கு,

கேட்டேன். கண்ணம்மாள் வெட்கப்பட்டுக்கொண்டே சொன்னார்: "'கண்ணு'ன்னு கூப்ட்டுது. எங்கம்மா மட்டும்தான் அப்டி கூப்புடும்."

இணைப்புத் தாள்கள் முப்பத்தாறு இத்துடன் இருக்கின்றன. திங்கட்கிழமை காலையில் இங்கே வந்து பார்த்தால் மருந்தகம் என்றே தோன்றாது. மாத்திரைக்காக வந்தவர்கள் ஒருவருக்கொருவர் தங்கள் கனவைச் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவர் பேசும்போது மற்றவர்கள் வாயைத் திறப்பதில்லை. வெளியே தோல் லாரி போகிறது, நாற்றம் உள்ளே வருகிறது, யாருக்கும் அது தெரிவதில்லை. நானும் எழுதுகிற பேனாவை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஆனால் ஒரு விஷயம் எனக்குச் சங்கடமாக இருக்கிறது. இருபத்திரண்டாம் எண் செங்கல்வராயன் ஷேவிங் மெஷினில் வேலை செய்கிறார். தோலைச் சீவிச் சமமாக்கும் மெஷின் அது, உருளை முழுக்கக் கத்தி. எட்டு வருஷத்துக்குப் பிறகு தன் மகளின் தலையைக் கையால் தடவ முடிந்தது என்று அழுதவர் அவர். போன வாரம் என்னிடம் சொன்னார்: "முழிச்சிக்கினு இருக்கும்போதே வருது சைராமா. ஷெட்டுல மொழங்கா அளவு தண்ணி நிக்கிது. தெளிவா இருக்குது. மீனு ஓடுது."

"பயமா இல்லையாண்ணா?" என்று கேட்டேன்.

"இன்னா பயம்? அழகா கீது."

இன்னும் நான்கு பேருக்குப் பகலில் வருகிறது. டாக்டரிடம் சொன்னேன், பார்க்கலாம் என்றார். அந்த ஐந்து தாள்களில் மேல்மூலையில் சிவப்புக் கோடு போட்டிருக்கிறேன். உங்கள் மேலதிகாரிகளிடம் தயவுசெய்து காட்டுங்கள்.

சைரா


சென்னை
11-7-1988

சகோதரி சைரா அவர்களுக்கு,

இணைப்புத் தாள்கள் கிடைத்தன. அவை உரிய இடத்தில் வைக்கப்பட்டுள்ளன.

தாள்களைப் பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போகும்போது படிக்கிறேன். அப்படிச் செய்யக்கூடாதுதான். போன செவ்வாய்க்கிழமை என் நிறுத்தம் போனது தெரியாமல் கடைசி நிறுத்தம் வரை போய்விட்டேன். கண்டக்டர் வந்து தோளைத் தட்டினார். இறங்கி நின்றபோது எந்த ஊரில் இருக்கிறேன் என்று கொஞ்ச நேரம் விளங்கவில்லை. ஆனாலும் மனசு லேசாக இருந்தது.

அடுத்த தாள்களைத் தாமதிக்காமல் அனுப்புங்கள்.

கோதண்டபாணி


ஆம்பூர்
9-9-1988

ஐயா,

போன வெள்ளிக்கிழமை மத்தியானம் செங்கல்வராயனின் வலது கை மெஷினுக்குள் போய்விட்டது. மூன்று விரல்கள் இல்லை. வேலூரில் சேர்த்திருக்கிறார்கள். நேற்றுப் போய்ப் பார்த்தேன். அவர் மனைவி தாயாரம்மாள் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார்.

அவர் பேசினார். வலியில் இருக்கிறவர் பேசுகிற மாதிரி இல்லை. "தண்ணி நின்னுச்சு சைராமா. உருள கிட்ட ஒரு மீனு, வெள்ளி மாதிரி. அடிபட்டுடும்னு எடுத்து உடலாம்னுதான் கைய உட்டேன்."

டாக்டர் படிவத்தில் 'பணியிடக் கவனக்குறைவு, மருந்துக்குத் தொடர்பில்லை' என்று எழுதியிருக்கிறார். கம்பெனியிலிருந்து யாரோ போன் செய்து அப்படி எழுதச் சொன்னார்கள் என்று கம்பவுண்டர் சொல்கிறார்.

நான் ஒன்றுதான் கேட்கிறேன். சிவப்புக் கோடு போட்ட தாள்களை யாராவது படித்தார்களா?

சைரா


சென்னை
16-9-1988

சைரா அவர்களுக்கு,

படித்தார்கள். நான் படித்தேன். பிரிவுத் தலைவர் முதல் தாளில் பாதி படித்தார். "கட்டத்த நிரப்பச் சொன்னா கதை எழுதி அனுப்பறாங்க. எடுத்துடுங்க" என்றார். எடுத்துவிட்டேன். டெல்லிக்குப் போன கட்டின் முதல் பக்கத்தில் 'இணைப்புகள் எதுவும் இல்லை' என்ற வரிக்குக் கீழே என் கையெழுத்து இருக்கிறது. உங்கள் தாள்கள் என் மேசை இழுப்பறையில் இருக்கின்றன. அதைத்தான் 'உரிய இடம்' என்று உங்களுக்கு எழுதினேன்.

இன்னும் மூன்று வருடத்தில் ஓய்வு பெறப் போகிறவன் நான். பயந்துவிட்டேன். வேறு காரணம் சொல்ல எனக்கு இல்லை. அந்த ஐந்து தாள்களையாவது மறுபடி கொண்டுபோய் அவர் மேசையில் வைத்திருக்கலாம். வைக்கவில்லை.

செங்கல்வராயனிடம் என் பெயரைச் சொல்லுங்கள். அவர் என்ன சொன்னாலும் அப்படியே எழுதுங்கள்.

கோதண்டபாணி


ஆம்பூர்
24-9-1988

ஐயா,

உங்கள் பெயரை அவரிடம் சொல்லவில்லை. அவருக்கு இப்போது அதனால் ஆவதென்ன?

இனி படிவம் சம்பந்தமாக மட்டும் எழுதுங்கள். வேறு கடிதம் வேண்டாம்.

சைரா


சென்னை
28-11-1988

சகோதரி அவர்களுக்கு,

மலையிலிருந்து வரும் கானாறு உடைத்துக்கொண்டு உங்கள் மருந்தகத்துக்குள் புகுந்ததாகச் செய்தி வந்தது. நீங்கள் நலம்தானா?

இத்துடன் ஒரு சான்று வைத்திருக்கிறேன். அதில் உங்கள் கையெழுத்தை வாங்கும்படி எனக்கு உத்தரவு. 'நோயாளிகளின் கூடுதல் குறிப்புகள் என எதுவும் இல்லை. பதிவேடும் வெள்ளத்தில் அழிந்தது' என்று அதில் தட்டச்சு செய்திருக்கிறது.

உங்கள் மருந்தகம் வங்கிக் கடனில் கட்டியதாம். வெள்ளக் காப்பீடு இல்லாமல் கடன் கிடையாது என்று வங்கி சொன்னதால் அன்றே எடுத்து வைத்திருக்கிறார்கள். அந்தக் காப்பீட்டு விண்ணப்பத்தில் டாக்டர், 'தரைத்தளத்தில் இருந்த பதிவேடுகள் அனைத்தும் அழிந்தன' என்று கையெழுத்திட்டிருக்கிறார். அதன் நகல் எப்படியோ கம்பெனிக்கு வந்துவிட்டது. அதை வைத்துக்கொண்டுதான் உங்களிடம் கேட்கிறார்கள்.

உத்தரவு இதோடு முடிந்தது. இனி நான் எழுதுவது நீங்கள் வேண்டாம் என்று சொன்ன கடிதம்.

என் இழுப்பறையைப் போன வாரம் காலி செய்துவிட்டார்கள். தாள்கள் இல்லை. இனி உங்கள் பதிவேட்டைத் தவிர எங்கேயும் எதுவும் கிடையாது. அது உண்மையிலேயே போய்விட்டதென்றால் போனது என்று எழுதுங்கள். ஆனால் 'குறிப்புகள் என எதுவும் இல்லை' என்பதற்குக் கீழே நான் ஒருமுறை கையெழுத்துப் போட்டாயிற்று. நீங்களும் போடாதீர்கள்.

கோதண்டபாணி


ஆம்பூர்
26-12-1988

கோதண்டபாணி ஐயா அவர்களுக்கு,

தண்ணீர் வந்தது காலை பத்து மணிக்கு. சத்தம் இல்லாமல் வாசற்படி ஏறி உள்ளே வந்தது. முதலில் மாத்திரை அட்டைகள் மிதந்தன, பிறகு நாற்காலிகள் மெல்ல நகர்ந்தன. வாசலில் காத்திருந்தவர்கள் ஓடவே இல்லை. அப்துல் ஹமீத் முழங்காலளவு தண்ணீரில் நின்றுகொண்டு என்னைக் கேட்டார்: "இது நெஜந்தானேமா?" நிஜம்தான் என்று நான் சொன்ன பிறகே எல்லோரும் கிளம்பினார்கள். அதற்குள் அலமாரி கவிழ்ந்துவிட்டது.

பதிவேடு மூன்று நாள் கழித்துச் சேற்றில் கிடைத்தது. பக்கம் பக்கமாகப் பிரித்துக் கொடியில் காயப்போட்டேன். மை பேனாவில்தான் எழுத வேண்டும் என்பது உங்கள் விதி. எழுத்தெல்லாம் கரைந்து இளநீலமாகப் பரவியிருந்தது. ஒரு சொல்கூடப் படிக்க முடியவில்லை. பெருவிரல் ரேகை எடுக்கும் கறுப்பு மை மட்டும் அப்படியே இருந்தது. நாற்பது பேரின் ரேகைகள், பக்கத்தில் வெறும் நீலம்.

டாக்டர் வந்து பார்த்தார். "நான் பொய் எழுதலம்மா. கட்டடத்த மறுபடி எழுப்பணும்னா அந்தக் காப்பீடு வேணும். அலமாரி கவுந்து கெடந்தத பாத்துட்டுதான் கையெழுத்துப் போட்டேன்" என்றார்.

"பதிவேடு அழிஞ்சிருச்சுதான் சார். அவங்களுக்குக் கனவு வந்தது அழியலையே?" என்றேன்.

அதனால் வீடு வீடாகப் போனேன். நாற்பது வீடு, பத்தொன்பது நாள். எல்லோரும் கேட்டது ஒன்றேதான். திருப்பிச் சொன்னால் மாத்திரையை நிறுத்திவிடுவார்களா? நிறுத்தலாம் என்றேன். நான் எதையும் மறைக்கவில்லை.

அப்துல் ஹமீத் வெகுநேரம் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெடிப்பு மூடி, தோல் புதிதாக இருந்தது. "செங்கல்வராயன் கையும் இப்டித்தானே ஆறிச்சு?" என்றார். பிறகு சொல்லத் தொடங்கினார். கண்ணம்மாள் சொன்னார். செங்கல்வராயன் இடது பெருவிரலை வைத்தார். தாயாரம்மாள் பக்கத்தில் நின்று, "ஒண்ணு விடாம எழுதுமா. மீனையும் எழுது" என்றார்.

பதின்மூன்று பேர் மாட்டேன் என்றார்கள். முப்பத்தொன்றாம் எண் சுகரா பேகம், செருப்புக்குப் பசை தடவுகிறவர், என்னை வீட்டுக்குள்ளேயே விடவில்லை. "எனக்குன்னு கெடச்சது அது ஒண்ணுதான். அதையும் எழுதிக்கினு போயி டெல்லில குடுத்துட்டா எனக்கு இன்னா மிச்சம்? போ சைரா" என்று கதவைச் சாத்திவிட்டார். சின்ன வயதிலிருந்து எனக்கு அக்கா மாதிரி, சுகரா ஆபா என்றுதான் கூப்பிடுவேன். தெருவில் நின்று அழுதுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனேன்.

இருபத்தேழு பேரின் தாள்கள் இத்துடன். இரண்டு நாள் தன்னிடம் வைத்துப் படித்துவிட்டு டாக்டரும் ஒவ்வொன்றிலும் கையெழுத்திட்டிருக்கிறார். "காப்பீட்டுல எழுதுனதும் நெஜம், இதுவும் நெஜம்" என்றார். நீங்கள் அனுப்பிய சான்றில் 'எதுவும் இல்லை' என்பதை அடித்துவிட்டு 'இருந்தன' என்று எழுதினேன். அடித்த இடத்தில் சுருக்கொப்பம் போட்டிருக்கிறேன்.

இதை யாரிடம் கொடுப்பது என்று உங்களுக்குத் தெரியும்.

சைரா


சென்னை
20-2-1989

சகோதரி சைரா அவர்களுக்கு,

பிரிவுத் தலைவரிடம் கொடுக்கவில்லை. ஒருநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு இங்கே சென்னையில் இருக்கும் அரசு மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு நானே போனேன். அங்கே ஓர் அம்மையார், கண்டிப்பானவர். வைத்துவிட்டுப் போங்கள் என்றார். முதல் தாளை மட்டும் இப்போதே படித்துவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். படித்தார். இரண்டாவதை எடுத்தார். என்னை உட்காரச் சொன்னார். அவருக்கு வந்த டீ ஆடை கட்டிப்போயிற்று. ஜன்னலில் வெயில் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போய்விட்டது. கடைசித் தாளை வைத்துவிட்டு, "இதுல எது பக்க விளைவு?" என்று கேட்டார்.

"எல்லாமேதாம்மா" என்றேன்.

தாள்கள் டெல்லிக்குப் போய், போன வாரம் உத்தரவு வந்தது. ஆம்பூரில் மாத்திரை கொடுப்பதை நிறுத்த வேண்டும். அளவைக் குறைத்து எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். மெஷினில் வேலை செய்பவர்களுக்குக் கொடுக்கவே கூடாது. செங்கல்வராயனுக்கு நேர்ந்தது மருந்தின் விளைவு என்று பதிவாகிவிட்டது. இனி அவருக்கு ஆக வேண்டியதைக் கம்பெனி செய்தாக வேண்டும்.

புதிய படிவத்தில் ஒரு கட்டம் சேர்த்திருக்கிறார்கள். 'கனவுகள்: ஆம் / இல்லை'. அவ்வளவுதான். சின்னக் கட்டம்.

என்னைக் கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள். பாட்டில்களில் லேபிள் நேராக ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கிறேன். நன்றாகத்தான் இருக்கிறது.

கோதண்டபாணி


ஆம்பூர்
11-4-1989

கோதண்டபாணி ஐயா அவர்களுக்கு,

மாத்திரை நின்று ஏழு வாரம் ஆகிறது. அரிப்பு திரும்பிவிட்டது. கனவு யாருக்கும் வருவதில்லை. திங்கட்கிழமைகளில் மறுபடி மருந்து வாடையும் இருமல் சத்தமும்தான். டாக்டர் களிம்பு கொடுக்கிறார். கை ஊறவைக்க மருந்துத் தண்ணீர் கலக்கிக் கொடுக்கிறேன். சிலர் என்னோடு பேசுவதில்லை. பேசாதவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. செங்கல்வராயனுக்கு டேனரியிலேயே கேட் அருகே உட்கார்ந்து செய்கிற வேலை கொடுத்திருக்கிறார்கள். நான் செய்தது சரிதான் என்று அவரைப் பார்க்கும்போது தோன்றுகிறது. மற்ற நேரங்களில் அவ்வளவு நிச்சயமாக இல்லை.

நேற்று சுகரா ஆபா வந்தார். கதவைச் சாத்திய பிறகு என்னிடம் அவர் வந்தது இதுதான் முதல்முறை. கை இரண்டும் மறுபடி புண். மருந்துத் தண்ணீரில் கையை வைத்தார். பிறகு, "அது எனக்கு மறந்துகினே போவுது சைரா. அம்மா வந்தது மட்டும்தான் நெனப்புல கீது. நீ எழுதி வெச்சியே, படிச்சுக் காட்டு" என்றார்.

நான் என்ன செய்வேன் ஐயா? பதிவேட்டில் அவர் பக்கத்தில் வெறும் நீலம். டெல்லிக்குப் போன இருபத்தேழு பேரில் அவர் இல்லை. நாற்பது பேரையும் கேட்டுக்கேட்டு எனக்கு ஒன்றோடொன்று கலந்துவிட்டது. அவரிடம் பொய்யாக ஒன்றைச் சொல்ல மனம் வரவில்லை. அடுத்த திங்கட்கிழமை பார்க்கிறேன் ஆபா என்று சொல்லி அனுப்பினேன்.

நீங்கள் பஸ்ஸில் படித்தவர். உங்களுக்கு ஏதாவது நினைவிருக்கிறதா?

அன்புடன்,
சைரா


சென்னை
14-4-1989

அன்புள்ள சைராவுக்கு,

இருக்கிறது. அவர் கையை ஊறவைக்கும்போது இதைப் படித்துக் காட்டுங்கள். மெதுவாகப் படியுங்கள்.

சுகரா பேகம் சின்னப் பெண்ணாக இருக்கிறார். பேரணாம்பட்டில் அம்மா வீட்டு முற்றம். அன்று பெருநாளா என்று தெரியவில்லை, ஆனால் எல்லோரும் குளித்திருக்கிறார்கள். அம்மா அவர் கையைத் தன் மடியில் வைத்து மருதாணி இடுகிறார். முதலில் ஒரு கோடு. அது ரயில் பாதை. பக்கத்தில் ஓர் ஆறு, அதில் தண்ணீர் இருக்கிறது. பிறகு தெருக்கள், தெரு முழுக்க வீடுகள். ஒவ்வொரு வீட்டுக்கும் கதவு போடுகிறார், கதவுக்குத் தாழ்ப்பாள் கூடப் போடுகிறார். விரல் நுனிகளில் மரங்கள். மருதாணி குளிர்ச்சியாக இருக்கிறது. எங்கேயும் அரிக்கவில்லை. கை கூசுகிறதே என்று சுகரா விரல்களை மடக்கப் போகிறார். அம்மா சொல்கிறார்: "மூடாதேம்மா. உள்ள ஆளுங்க கீறாங்க."

குனிந்து பார்க்கிறார். இருக்கிறார்கள். உள்ளங்கை நடுவே ஒரு வீட்டு வாசலில் யாரோ நின்று அண்ணாந்து பார்த்துக் கை அசைக்கிறார்கள். அதனால் கையை மூடாமல், அம்மாவின் மடியில் அப்படியே வைத்துக்கொண்டிருக்கிறார். விழிக்கும்வரை கை திறந்தே இருந்தது.

இவ்வளவுதான் எழுதியிருந்தீர்கள். முதலில் அம்மா இட்டது வலது கைக்கா இடது கைக்கா என்பது மட்டும் எனக்கு மறந்துவிட்டது. அவரையே கேளுங்கள். சொல்லும்போது எழுதிக்கொள்ள வேண்டாம்.

அன்புடன்,
கோதண்டபாணி